உங்கள் ஃபங்ஷன் எப்போது விழிக்கிறது, எப்போது உறைகிறது: ஜாவாஸ்கிரிப்டில் சர்வர்லெஸ்

ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஒருவர் தன் முதல் சர்வர்லெஸ் ஃபங்ஷனை (சர்வரை நாம் பராமரிக்காமல், கூப்பிடும்போது மட்டும் க்ளவுட் நிறுவனமே ஓட்டித்தரும் ஃபங்ஷனை) எழுதி, அதற்கு ஒரு யூஆர்எல் வாங்கி, ப்ரவுசரில் பதில் வருவதைப் பார்க்க அரை மணி நேரம் போதும். லினக்ஸ் மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டாம், என்ஜின்எக்ஸ் மாதிரி வெப் சர்வருக்கு கான்ஃபிக் எழுத வேண்டாம், நடுராத்திரியில் ப்ராசஸ் செத்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். இந்தச் சந்தோஷம் உண்மையானது. ஆனால் பெரும்பாலான டுட்டோரியல்கள் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. அடுத்த மாதம் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல், கோட் எப்போது உயிர் பெறுகிறது, எப்போது உறைகிறது, எப்போது சாகிறது என்று தெரியாததால் வருபவை. ஃப்ரேம்வொர்க், டூல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஃபங்ஷனின் ஆயுளை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. உதாரணத்துக்கு அமேசானின் க்ளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸில் இருக்கும் லாம்டாவையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வகையில் மற்ற பெரிய நிறுவனங்கள் அதற்குப் பிறகுதான் இறங்கின.

லாம்டா 2014 நவம்பரில், அமேசானின் ரீஇன்வென்ட் மாநாட்டில் அறிமுகமானது. அன்றைக்கு அதில் ஓடிய ஒரே மொழி ஜாவாஸ்கிரிப்ட்தான், ப்ரவுசருக்கு வெளியே அதை ஓட்டும் நோட்ஜேஎஸ் வழியாக. ஜாவா, பைதான் எல்லாம் 2015-ல்தான் வந்து சேர்ந்தன. நோட்ஜேஎஸ் சீக்கிரம் எழுந்து நிற்கும், சின்ன கோடுக்கு பில்ட் எதுவும் தேவையில்லை, ஏதாவது நடந்தால் அதற்குப் பதில் சொல்லும் ஃபங்ஷன் என்கிற எண்ணமே ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2016-ல் கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் பதிப்புகளைக் கொண்டுவந்தன, 2017-ல் க்ளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் அறிவிக்கப்பட்டது. இந்த எல்லா இடங்களிலும் ஜாவாஸ்கிரிப்ட் முன்வரிசையில் இருக்கிறது.

சரி, எழுதுவது எப்படி? ஒரு ஃபைல், அதிலிருந்து ஹேண்ட்லர் என்ற பெயரில் ஒரு அசிங்க் ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் செய்கிறீர்கள். அதற்கு ஈவென்ட் என்று ஒரு ஆப்ஜெக்ட் உள்ளே வரும். திருப்பிக் கொடுக்கும் ஆப்ஜெக்டில் ஸ்டேட்டஸ் கோட், ஹெடர்கள், பாடி. அவ்வளவுதான், வேறு மந்திரம் இல்லை. 2022 ஏப்ரலில் இருந்து ஃபங்ஷன் யூஆர்எல் என்ற வசதி இருப்பதால், தொடங்குபவர்கள் ஃபங்ஷனுக்கு யூஆர்எல் தரும் தனிச் சேவையான ஏபிஐ கேட்வே பக்கமே போகத் தேவையில்லை. ஏடபிள்யூஎஸ்ஸின் வெப் கன்சோலில் ஒரு பட்டனை அழுத்தினால் யூஆர்எல் கிடைத்துவிடும்.

இங்கே முதல் தடுமாற்றம் எப்போதும் ஒரே மாதிரிதான். கன்சோலில் இருக்கும் டெஸ்ட் பட்டனில் ஒரு ஜேசனைக் கொடுத்தால் அது அப்படியே ஈவென்டாக வந்து நிற்கும், ஈவென்டில் நேரடியாகப் பெயரை எடுத்தால் பெயர் வரும். அதே கோடை யூஆர்எல் வழியாகக் கூப்பிட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் அப்போது ஈவென்ட் என்பது முழு ரிக்வெஸ்ட். நீங்கள் அனுப்பியது அதன் பாடிக்குள் ஒரு ஸ்ட்ரிங்காக உட்கார்ந்திருக்கும், அதை ஜேசன் பார்ஸ் செய்துதான் எடுக்க வேண்டும். சில சமயம் அந்த ஸ்ட்ரிங்கே பேஸ்64 என்ற குறியீட்டு வடிவில் இருக்கும், அப்படி இருக்கிறதா என்று சொல்ல ஈவென்டில் தனியாக ஒரு கொடி உண்டு. அதனால் முதல் வேலையாக ஈவென்ட் முழுவதையும் லாகில் அச்சிட்டு ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள். டாக்குமென்டேஷனை நான்கு முறை புரட்டுவதை விட அது பலன் தரும். நம் ஆட்களுக்கு இன்னொன்று: தமிழில் ஹெச்டிஎம்எல் திருப்பி அனுப்பினால் கன்டென்ட் டைப் ஹெடரில் யூடிஎஃப்-8 என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் ப்ரவுசர் தானாக ஊகித்துக் கொத்து பரோட்டா போட்டுவிடும்.

இனி முக்கியமான விஷயம். இதைப் படிப்பதை விடச் செய்து பார்ப்பது நல்லது, பத்து நிமிட வேலைதான். ஹேண்ட்லருக்கு வெளியே, ஃபைலின் மேல்பகுதியில், பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு எண்ணிக்கை வேரியபிள் வையுங்கள். ஹேண்ட்லருக்குள் அதில் ஒன்றைக் கூட்டி, அதையே பதிலாக அனுப்புங்கள். யூஆர்எல்லைத் திறந்தால் 1 வரும். ரிஃப்ரெஷ் செய்தால் 2, அப்புறம் 3. சில சமயம் ஒன்றுவிட்டு ஒன்று தாவும், பயப்பட வேண்டாம், ப்ரவுசர் தன் பங்குக்குத் தளத்தின் ஐகானையும் அதே முகவரியில் கேட்கிறது, அதுவும் ஒரு அழைப்பாகக் கணக்கில் ஏறுகிறது. இப்போது வேறு வேலை பார்க்கப் போய்விட்டு நீண்ட நேரம் கழித்து வந்து திறந்தால், பெரும்பாலும் மறுபடியும் 1. அடுத்து ஹேண்ட்லருக்குள் இரண்டு விநாடி காத்திருக்க வைத்து, ஐந்து டேப்களில் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஒரே யூஆர்எல்லைப் பல டேப்களில் திறந்தால் சில ப்ரவுசர்கள் வரிசையில் நிறுத்திவிடும் என்பதால் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது 4, 5, 6 என்று வரிசையாக வராது. பல டேப்களில் 1 என்றே வரும்.

நடப்பது இதுதான். முதல் ரிக்வெஸ்ட் வரும்போது லாம்டா ஒரு குட்டி வர்ச்சுவல் மெஷினைக் கிளப்புகிறது. ஃபயர்கிராக்கர் என்று அதற்குப் பெயர், அமேசான் 2018-ல் அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. அதற்குள் நோட்ஜேஎஸ் எழுகிறது, உங்கள் ஃபைல் லோட் ஆகிறது, ஹேண்ட்லருக்கு வெளியே இருக்கும் கோட் எல்லாம் ஒரே ஒரு முறை ஓடுகிறது. அப்புறம்தான் ஹேண்ட்லர். ஹேண்ட்லர் பதில் சொன்னதும் அந்தச் சூழல் அழிக்கப்படுவதில்லை, அப்படியே உறைய வைக்கப்படுகிறது. அடுத்த ரிக்வெஸ்ட் சீக்கிரம் வந்தால் உறைந்ததை எழுப்பி ஹேண்ட்லரை மட்டும் மறுபடி ஓட்டுவார்கள், அதனால்தான் எண்ணிக்கை ஏறியது. வெகுநேரம் யாரும் கூப்பிடாவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், எவ்வளவு நேரம் வைத்திருப்போம் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒரு சூழல் வேலையாக இருக்கும்போது இன்னொரு ரிக்வெஸ்ட் வந்தால் புதிதாக இன்னொரு சூழல் முளைக்கும். ஐந்து டேப்பில் நீங்கள் பார்த்தது அதைத்தான்.

இந்த ஒன்றிலிருந்தே எதை எங்கே எழுதுவது என்ற விடை கிடைத்துவிடுகிறது. டேட்டாபேஸ் க்ளையன்ட், ஏடபிள்யூஎஸ் சேவைகளைக் கோடிலிருந்து கூப்பிட உதவும் எஸ்டிகே க்ளையன்ட், கான்ஃபிக் படிப்பது போன்ற கனமான வேலைகளை வெளியே வையுங்கள், ஒருமுறை செய்தால் அந்தச் சூழல் உயிரோடு இருக்கும் வரை பயன்படும். ஒரு யூசருக்குச் சொந்தமான எதையும் வெளியே வைக்காதீர்கள். லாகின் செய்தவரின் பெயரையோ டோக்கனையோ வசதிக்காக ஒரு குளோபல் வேரியபிளில் போட்டு வைத்தால், அடுத்து வரும் வேறொருவருக்கு அது அப்படியே தெரிய வாய்ப்பு உண்டு. உங்கள் லேப்டாப்பில் நீங்கள் ஒருவர் மட்டும் டெஸ்ட் செய்யும்போது இந்தத் தவறு கண்ணிலேயே படாது, ப்ரொடக்‌ஷனில்தான் படும். அதே காரணத்தால், எண்ணிக்கையோ கேஷோ, எது உண்மையாகவே நிலைக்க வேண்டுமோ அதற்கு வெளியில் ஒரு டேட்டாபேஸ் வேண்டும்.

உறைவது என்று சொன்னேனே, அதில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. எக்ஸ்பிரஸ் (நோட்ஜேஎஸ்ஸில் பிரபலமான வெப் ஃப்ரேம்வொர்க்) சர்வரில் பதிலை அனுப்பிவிட்டு, பின்னால் ஒரு மெயில் அனுப்பும் ப்ராமிஸை அவெய்ட் போடாமல் விட்டுவிடுவது பலருக்கும் பழக்கம். அங்கே ப்ராசஸ் ஓடிக்கொண்டே இருப்பதால் மெயில் போய்விடும். லாம்டாவில் அசிங்க் ஹேண்ட்லர் பதிலைத் திருப்பிய கணத்தில் மொத்தச் சூழலும் உறைகிறது, பாதியில் நிற்கும் நெட்வொர்க் அழைப்போடு சேர்த்து. அடுத்த ரிக்வெஸ்ட் வந்து எழுப்பும்போது அந்த ப்ராமிஸ் விட்ட இடத்திலிருந்து தொடர முயலும், சில சமயம் மெயில் போகும், சில சமயம் அந்தக் கனெக்‌ஷன் எப்போதோ அறுந்துபோய் எரர் வரும், சில சமயம் சூழலே அழிந்து எதுவும் நடக்காது. லாகைத் திறந்தால் ராமுவின் ஆர்டருக்கான மெயில் எரர் அடுத்து வந்த சீதாவின் ரிக்வெஸ்ட் எண்ணுக்குக் கீழே பதிவாகியிருக்கும், தலையும் புரியாது காலும் புரியாது. லோகலில் எல்லாம் ஓடும், இங்கே மட்டும் 'சில சமயம்' என்ற வார்த்தையோடு ஒரு பக் வந்தால் முதலில் அவெய்ட் விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுங்கள். ஃபார்ஈச்சுக்குள் அசிங்க் கால்பேக் போடுவதும் இதே கதைதான், அது எதற்காகவும் காத்திருக்காது. ப்ராமிஸ் ஆல் பயன்படுத்தி மொத்தத்துக்கும் சேர்த்து அவெய்ட் போடுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கு உறைப்பதில்லை. நோட்ஜேஎஸ்ஸை ரயன் டால் 2009-ல் உருவாக்கியதே, ஒரே ப்ராசஸ் ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன்களுக்காகச் சும்மா காத்திருக்காமல், ஒன்று காத்திருக்கும்போது இன்னொன்றைக் கவனிக்கட்டும் என்பதற்காகத்தான். ஈவென்ட் லூப்பின் மொத்தப் பெருமையும் அதில் இருக்கிறது. வழக்கமான லாம்டாவில் ஒரு சூழலுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரிக்வெஸ்ட். அந்த ரிக்வெஸ்ட் பேமென்ட் கேட்வேயின் பதிலுக்காக மூன்று விநாடி காத்திருந்தால், அந்த மெஷின் மூன்று விநாடியும் வேறு யாரையும் கவனிக்காமல் காத்திருக்கும், அந்த மூன்று விநாடிக்கும் உங்களிடம் காசு வாங்குவார்கள். சிபியு 20 மில்லிசெகண்ட்தான் வேலை செய்தது என்பது கணக்கில் வராது. க்ளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் இதில் நேர்மாறு, காத்திருக்கும் நேரத்துக்கு அங்கே பில் இல்லை, சிபியு ஓடிய நேரத்துக்கு மட்டும்தான். கூகுளின் ஃபங்ஷன்கள் 2024-ல் கிளவுட் ரன் ஃபங்ஷன்ஸ் என்று பெயர் மாறின. அதில் அமைப்பை மாற்றினால் ஒரே இன்ஸ்டன்ஸ் பல ரிக்வெஸ்ட்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். ஆக, உங்கள் ஃபங்ஷன் வெளி ஏபிஐகளுக்காகக் காத்திருப்பதிலேயே நேரத்தைக் கழிக்கிறது என்றால், எந்தத் தளம் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். லாம்டாவிலேயே இருப்பதென்றால், ஒன்றையொன்று சாராத, ஆளுக்கு ஒரு விநாடி எடுக்கும் மூன்று அழைப்புகளை ஒன்றன் பின் ஒன்றாக அவெய்ட் செய்யாமல் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுங்கள், மூன்று விநாடி பில் ஒரு விநாடியாகும்.

காசு என்று வந்ததால் கணக்கையும் பார்த்துவிடலாம். லாம்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்புகளும் 4 லட்சம் ஜிபி-விநாடிகளும் இலவசம். ஜிபி-விநாடி என்றால் ஒதுக்கிய மெமரியை ஓடிய நேரத்தால் பெருக்குவது. 128 எம்பி ஒதுக்கிய ஃபங்ஷன், ஒவ்வொரு முறையும் 200 மில்லிசெகண்ட், மாதம் 10 லட்சம் முறை ஓடினால் 25,000 ஜிபி-விநாடி, இலவச அளவில் பதினாறில் ஒரு பங்குதான். இலவசமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு ஜிபி-விநாடிக்கு 0.0000166667 டாலர், 10 லட்சம் அழைப்புக்கு 0.20 டாலர் என்ற வழக்கமான விலையில் மொத்தம் சுமார் 62 சென்ட். சின்ன வேலைகளுக்கு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆனால் மெமரியைக் குறைத்தால் மிச்சம் என்று எல்லோரும் 128-லேயே விட்டுவிடுகிறார்கள், அது சரியான கணக்கு இல்லை. லாம்டாவில் சிபியு தனியாக விற்கப்படுவதில்லை, மெமரியோடு சேர்ந்து வருகிறது. 1,769 எம்பி ஒதுக்கினால்தான் ஒரு முழு விசிபியுவுக்கு (வர்ச்சுவல் சிபியு) சமம், 128 எம்பி என்றால் அதில் சுமார் பதினான்கில் ஒரு பங்கு. படத்தைச் சின்னதாக்குவது, பிடிஎஃப் தயாரிப்பது போன்ற வேலைகளில் மெமரியை இரண்டு மடங்காக்கினால் நேரம் பாதியாகும், பில் அதேதான், யூசருக்கு மட்டும் சீக்கிரம் பதில் கிடைக்கும். வெறுமனே காத்திருக்கும் ஃபங்ஷனுக்கு மெமரியைக் கூட்டுவது வீண். நோட்ஜேஎஸ்ஸில் நம் கோட் ஒரே த்ரெட்டில் ஓடுவதால் 1,769-க்கு மேல் போனால் பொதுவாகப் பெரிய லாபமும் இல்லை. அப்புறம், டைம்அவுட் எதுவும் மாற்றாமல் விட்டால் 3 விநாடிதான், அதிகபட்சம் 15 நிமிடம். தொடங்கும்போதே உங்கள் வேலைக்கு ஏற்றபடி அதை மாற்றிவிடுங்கள்.

கோல்டு ஸ்டார்ட் பற்றி இணையத்தில் எழுதப்படும் அளவுக்கு அது பெரிய பூதம் இல்லை. புதுச் சூழல் கிளம்புவதால் வரும் தாமதம் 100 மில்லிசெகண்டுக்குக் கீழிருந்து ஒரு விநாடிக்கு மேல் வரை இருக்கலாம், ப்ரொடக்‌ஷனில் பொதுவாக நூற்றில் ஒரு அழைப்புக்கும் குறைவாகவே இது நடக்கிறது என்று அமேசானே சொல்கிறது. நீங்கள் கட்டுப்படுத்த முடிகிற பகுதி உங்கள் கோட் லோட் ஆகும் நேரம். நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து ஏற்றாமல், ஈஎஸ்பில்ட் மாதிரி ஒரு பண்ட்லரைக் கொண்டு ஒரே ஃபைலாக்குங்கள். ஏடபிள்யூஎஸ் எஸ்டிகேயின் மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி பேக்கேஜ், தேவையானதை மட்டும் இம்போர்ட் செய்யுங்கள். இந்த இரண்டும் செய்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும். சூடாகவே வைத்திருக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பும் தந்திரங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஒரு சூழலை மட்டும்தான் விழித்திருக்க வைக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டாமவருக்கு கோல்டு ஸ்டார்ட்தான்.

டேட்டாபேஸ் கனெக்‌ஷன் உண்மையான பூதம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை இன்ஸ்டால் செய்ததும் மாற்றாமல் விட்டால் 100 கனெக்‌ஷன்களைத்தான் ஏற்கும். லாம்டாவின் வழக்கமான வரம்பு ஒரு ரீஜனில் (அமேசானின் டேட்டாசென்டர்கள் இருக்கும் ஒரு பகுதியில்) ஒரே நேரத்தில் 1,000 சூழல்கள், புதுக் கணக்குகளுக்கு மட்டும் குறைவாக இருக்கும். ஒரு ஆஃபர் அறிவித்த மாலையில் 300 பேர் ஒரே நேரத்தில் வந்தால் 300 சூழல்கள் முளைக்கும், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு கனெக்‌ஷன் கேட்கும், பழைய பழக்கத்தில் பூல் (திறந்தபடியே வைத்துப் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளின் தொகுப்பு) அளவை 10 என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். லாம்டா அசராது, டேட்டாபேஸ் படுத்துவிடும். பூல் அளவை 1 ஆக்குங்கள், ஃபங்ஷனுக்கு ரிசர்வ்ட் கன்கரன்சி என்ற உச்சவரம்பு வையுங்கள், ட்ராஃபிக் அதிகமென்றால் இடையில் நின்று டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் ஆர்டிஎஸ் ப்ராக்ஸி மாதிரி ஒன்றை நிறுத்துங்கள். அமேசானின் டேட்டாபேஸான டைனமோடிபி இந்த உலகத்தில் இவ்வளவு பிரபலமாக இருப்பதற்கு ஒரு காரணம் அது ஹெச்டிடிபி வழியாகப் பேசுவது, பிடித்து வைத்திருக்க கனெக்‌ஷன் என்ற ஒன்றே தேவையில்லை.

இனி இரண்டு முறை ஓடும் பிரச்சினை. ஃபங்ஷனை யூஆர்எல் வழியாக இல்லாமல் ஒரு நிகழ்வின் பேரில் ஓட்டினால், உதாரணமாக அமேசானின் ஃபைல் சேமிப்பிடமான எஸ்3-ல் ஒரு படம் ஏறியதும், அது அசிங்க் அழைப்பு, கூப்பிட்டது எதுவும் பதிலுக்குக் காத்திருக்காது. ஃபங்ஷன் எரர் எறிந்தால் லாம்டா தானாகவே இன்னும் இரண்டு முறை முயலும். மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கொடுக்கும் எஸ்க்யூஎஸ் சேவையின் சாதாரண க்யூவும் ஒரே மெசேஜை எப்போதாவது இரண்டு முறை கொடுக்கும், குறைந்தது ஒருமுறை கொடுப்போம் என்பதுதான் அவர்கள் தரும் வாக்கு. அதனால் பணம் பிடித்தல், எஸ்எம்எஸ் அனுப்புதல், ஸ்டாக் குறைத்தல் எதுவாக இருந்தாலும், இது இரண்டாவது முறை ஓடினால் என்ன ஆகும் என்று எழுதும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்டர் எண்ணை டைனமோடிபியில் 'ஏற்கனவே இல்லாவிட்டால் மட்டும் எழுது' என்ற நிபந்தனையோடு எழுதிவிட்டு, எழுத முடிந்தால் மட்டும் வேலையைத் தொடர்வது பொதுவான வழி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் குறித்துவிட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் முன் ஃபங்ஷன் செத்தால், மறுமுயற்சி வரும்போது குறிப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு எஸ்எம்எஸ் அனுப்பாமலே போய்விடும். அனுப்பிவிட்டுக் குறித்தால் இரட்டிப்பாகப் போகலாம். அதனால் 'நடந்துகொண்டிருக்கிறது', 'முடிந்தது' என்று இரண்டு நிலை வைத்து, முதல் நிலைக்கு ஒரு காலாவதியும் வைப்பார்கள். எஸ்எம்எஸ் இரண்டு முறை போனால் பரவாயில்லை என்றால் எளிமையாகவே விடுங்கள், பணம் என்றால் விடாதீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. எரர் வந்தால் கெட்ட பேர் என்பது போல எல்லாவற்றையும் ட்ரை-கேட்ச்சில் சுற்றி, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நல்லபடியாக ரிட்டர்ன் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். லாம்டா அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும், மறுமுயற்சி நடக்காது, அந்த ஆர்டர் சத்தமில்லாமல் காணாமல் போகும். நிகழ்வால் ஓடும் ஃபங்ஷனில் எரரை எறிய வேண்டும், மூன்று முறையும் தோற்றால் போய் விழுவதற்கு ஒரு க்யூவையும் அமைக்க வேண்டும். யூஆர்எல் வழியாக ஓடும் ஃபங்ஷனில் நேர்மாறாக, எரரைப் பிடித்து 400, 404 என்று ஒழுங்கான பதிலைத் தர வேண்டும், பிடிக்காமல் விட்டால் யூசருக்கு 502 என்ற சர்வர் எரர் போகும்.

எஸ்3 என்றதும் ஒரு எச்சரிக்கை. படம் ஏறியதும் அதைச் சின்னதாக்கி, அதே பக்கெட்டில் (எஸ்3-ல் ஃபைல்களை வைக்கும் இடம்) சேமிக்கும் ஃபங்ஷன் எழுதினால், அந்தச் சின்னப் படமும் பக்கெட்டில் ஏறிய படம்தானே, மறுபடி ஃபங்ஷன் ஓடும், இன்னொரு படம், மறுபடி. தூங்கி எழுந்தால் பில் எங்கேயோ போயிருக்கும். இப்படிச் சுற்றுவதைக் கண்டுபிடித்து நிறுத்தும் வசதியை அமேசான் 2023-ல் க்யூக்களுக்கும், 2024-ல் எஸ்3-க்கும் கொண்டுவந்தது, சுமார் 16 சுற்றில் நிறுத்திவிடும். ஆனாலும் அதை நம்பி எழுதாதீர்கள், உள்ளே வருவதற்கு ஒரு பக்கெட், வெளியே போவதற்கு இன்னொரு பக்கெட் என்று வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. முதல் நாளே ஏடபிள்யூஎஸ் பட்ஜெட்ஸில் ஒரு தொகையும் வைத்துவிடுங்கள். அது தாண்டும்போது, நீங்கள் வேறு எதுவும் அமைக்காவிட்டால், மெயில்தான் அனுப்பும், எதையும் தானாக நிறுத்தாது என்பதும் நினைவிருக்கட்டும். லாக்குகள் எதுவும் சொல்லாவிட்டால் காலவரையின்றிச் சேமிக்கப்படும், அதற்கும் பில் உண்டு. ஈவென்டை முழுதாக அச்சிடுங்கள் என்று மேலே நான் சொன்னது கற்கும்போது மட்டும்தான். ப்ரொடக்‌ஷனில் அப்படிச் செய்தால் செலவும் ஏறும், வாடிக்கையாளரின் போன் நம்பரெல்லாம் லாகில் போய் உட்காரும். லாக் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று 14 நாளோ 30 நாளோ ஒரு எண்ணைக் கொடுங்கள்.

நேரம் குறித்தும் சொல்லிவிடுகிறேன், இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து எழுதும் எல்லோரையும் இது ஒருமுறை தடுக்கிவிடும். லாம்டாவின் கடிகாரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, மும்பை ரீஜனில் வைத்தாலும் அதேதான். லேப்டாப்பில் 'இன்று' என்று கணக்குப் போட்ட கோட், மேலே ஏறியதும் அதிகாலை ஐந்தரை மணி வரை நேற்றைய தேதியையே காட்டும். தினசரி விற்பனை ரிப்போர்ட்டில் நள்ளிரவு முதல் விடியல் வரையான ஆர்டர்கள் தப்பான நாளில் விழுவது இப்படித்தான். சேமிப்பது யூடிசியிலேயே இருக்கட்டும், காட்டும்போதும் நாளைப் பிரிக்கும்போதும் ஏசியா-கொல்கத்தா அல்லது ஏசியா-கொழும்பு டைம்ஸோனை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஃபங்ஷனைக் குறித்த நேரத்தில் ஓட்ட ஈவென்ட்பிரிட்ஜ் ரூலில் க்ரான் (நேர அட்டவணை) எழுதுவதும் யூடிசியில்தான், காலை 6 மணிக்கு ஓட வேண்டுமென்றால் 0 மணி 30 நிமிடம் என்று எழுத வேண்டும். 2022-ல் வந்த ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலரில் டைம்ஸோனையே கொடுக்கலாம், புதிதாகத் தொடங்குபவர்கள் அதையே பயன்படுத்துங்கள்.

அனுமதிகள் பற்றிச் சுருக்கமாக: ஃபங்ஷனுக்கு என்ன செய்ய உரிமை என்பதை ஐஏஎம் ரோல் தீர்மானிக்கிறது. ஆக்சஸ் டினைட் எரர் வந்ததும் நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடும் ஆசை வரும். எந்த டேபிள், எந்தச் செயல் என்பதை எரர் மெசேஜிலேயே பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள், அதை மட்டும் கொடுங்கள். ஏபிஐ கீயைக் கோடில் எழுதி கிட்ஹப்பில் ஏற்றுவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை. அமேசானுக்குள்ளேயே பிரைம் வீடியோ குழு ஒன்று, ஸ்ட்ரீம்களின் தரத்தைக் கண்காணிக்கும் தங்கள் அமைப்பை லாம்டா, பல படிகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் என்று பிரித்துக் கட்டியிருந்ததை ஒரே அப்ளிகேஷனாக மாற்றியதில் செலவு 90 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் எழுதியது. சர்வர்லெஸ் தோற்றுவிட்டது என்று அப்போது நிறையப் பேர் கொண்டாடினார்கள், எனக்கு அந்த வாசிப்பில் உடன்பாடு இல்லை. நாள் முழுக்க ஒரே சீராக ஓடும், துண்டுகளுக்கிடையே பெரிய டேட்டா கைமாறும் வேலை அது, அதற்கு எப்போதும் விழித்திருக்கும் சர்வர்தான் மலிவு. நாளெல்லாம் சும்மா இருந்து மாலையில் மட்டும் குவியும் ஆர்டர் ஃபார்ம், பேமென்ட் வெப்ஹூக் (பணம் வந்ததும் உங்கள் யூஆர்எல்லுக்கு வரும் அறிவிப்பு), ராத்திரி ரிப்போர்ட், படம் சின்னதாக்கல் போன்றவற்றுக்கு லாம்டா இன்றும் கச்சிதம்.

எந்தப் பக்கம் போவது என்று முதல் நாளே தெரியாது என்பதால் ஹேண்ட்லரை மெலிதாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஹேண்ட்லரின் வேலை ஈவென்டைப் பிரித்து, சரிபார்த்து, உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு, வந்ததைப் பதிலாக மடித்துக் கொடுப்பது, அவ்வளவுதான். ஆர்டரைப் பதிவு செய்யும் ஃபங்ஷனுக்கு லாம்டா என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அப்போது அதை லேப்டாப்பில் நோட்ஜேஎஸ்ஸோடு வரும் டெஸ்ட் ரன்னரிலேயே எந்த க்ளவுட் கணக்கும் இல்லாமல் டெஸ்ட் செய்யலாம். ஹேண்ட்லருக்கும், லாகிலிருந்து எடுத்து வைத்த ஒரு நிஜ ஈவென்டை, அந்தரங்க விவரங்களை மாற்றிவிட்டு, ஜேசன் ஃபைலாகக் கொடுத்து ஓட்டலாம், அதுவும் ஒரு சாதாரண ஃபங்ஷன்தானே. பிறகு பில் ஏறி எக்ஸ்பிரஸ் சர்வருக்கு மாற வேண்டி வந்தால் பெரும்பாலும் அந்த மெலிந்த ஃபைல் ஒன்றைத்தான் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.